தூக்க மாத்திரை: மறுநாள் காலையில் மிச்சம் இருப்பது என்ன?

2013 ஜனவரியில் அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஜோல்பிடெம் என்ற தூக்க மாத்திரையைப் பெண்களுக்கு எழுதும்போது அளவைப் பாதியாகக் குறைக்க வேண்டும், 10 மில்லிகிராமுக்குப் பதில் 5 போதும் என்பதே அதன் சாரம். அந்த மருந்து அங்கே அனுமதி பெற்றது 1992-இல். இருபது ஆண்டுகள், கோடிக்கணக்கான இரவுகள் கடந்த பிறகுதான் பாதிப் பேருக்கு அளவு தப்பு என்று தெரியவந்தது.

எப்படித் தெரிந்தது? இரவில் மாத்திரை கொடுத்து, எட்டு மணி நேரம் கழித்து ரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 50 நானோகிராமுக்கு மேல் மருந்து இருந்தால் வண்டி ஓட்டும் திறன் குலையும் என்பது கணக்கு. 10 மி.கி. எடுத்த பெண்களில் சுமார் 15 சதவீதம் பேருக்கும், ஆண்களில் 3 சதவீதம் பேருக்கும் அந்த அளவைத் தாண்டி மருந்து மிச்சம் இருந்தது. மெதுவாகக் கரையும் 12.5 மி.கி. மாத்திரையில் நிலைமை இன்னும் மோசம்: பெண்களில் 33 சதவீதம், ஆண்களில் 25 சதவீதம். பெண்களின் உடல் இந்த மருந்தை மெதுவாக வெளியேற்றுவதுதான் காரணம்.

இவ்வளவு காலம் ஏன் பிடிபடவில்லை என்பதுதான் என்னை உறுத்தும் கேள்வி. என் பதில் இது: தூக்க மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்று நாம் விசாரிப்பது அதைப் போட்டவரிடம். "ராத்திரி நல்லாத் தூங்கினீங்களா? காலையில தெளிவா இருந்துச்சா?" இந்த இரண்டு கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டிய மூளை, அந்த இரண்டு நேரத்திலும் மருந்தின் பிடியில் இருந்த மூளை.

இரவிலிருந்தே தொடங்குவோம். இயல்பான தூக்கம் ஒரே சீராக ஓடுவதில்லை. லேசான தூக்கம், ஆழ்ந்த தூக்கம், கண் விழிகள் மூடிய இமைக்குள் வேகமாக அசையும் கனவுத் தூக்கம் என்று ஏறத்தாழ ஒன்றரை மணி நேரச் சுற்றுகளாக வருகிறது. முன்னிரவில் ஆழ்ந்த தூக்கம் அதிகம், விடியலை ஒட்டிக் கனவுத் தூக்கம் அதிகம். ஆழ்ந்த தூக்கத்தில் மூளையின் மின்னலைகள் பெரிதாகவும் மெதுவாகவும் எழுந்து அடங்கும். உடல் அசதி தீர்வதோடும், அன்று கற்றது மனதில் படிவதோடும் அதிகம் சம்பந்தப்பட்ட நேரம் அது.

நம் ஊர் மருந்துக் கடைகளில் அதிகம் புழங்கும் அல்பிரஸோலம், குளோனஸெபம், டயஸெபம் போன்றவை பென்ஸோடயஸிபைன் குடும்பத்தைச் சேர்ந்தவை. மூளையில் காபா என்று ஒரு வேதிப்பொருள் உண்டு. நரம்பணுக்களின் பரபரப்பை அடக்குவது அதன் வேலை. இந்த மாத்திரைகள் காபாவின் கையை வலுப்படுத்துகின்றன. ஆள் சீக்கிரம் தூங்குகிறார், இடையில் விழிப்பது குறைகிறது. ஆனால் மின்னலைகளைப் பதிவு செய்து பார்த்தால், ஆழ்ந்த தூக்கத்தின் பெரிய மெதுவான அலைகள் குன்றிப்போயிருக்கும், கனவுத் தூக்கமும் ஓரளவு சுருங்கியிருக்கும். அந்த இடத்தை நடுத்தரமான இரண்டாம் நிலைத் தூக்கம் நிரப்பியிருக்கும். மொத்த நேரம் கூடியிருக்கும், சரக்கு மாறியிருக்கும். பின்னால் வந்த ஜோல்பிடெம், ஜோபிக்ளோன், எஸ்ஜோபிக்ளோன் ஆகியவை இந்தப் பகுப்பை அவ்வளவாகக் கலைப்பதில்லை. ஆனாலும் அவை பிடிப்பது அதே காபா வாசலைத்தான்.

2025 தொடக்கத்தில் வெளியான ஓர் எலி ஆய்வும் கவனிக்கத் தக்கது. ஆழ்ந்த தூக்கத்தில் மூளைக்குள் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருள் ஏறி இறங்குவதும், அதற்கு ஏற்ப ரத்தக் குழாய்கள் சுருங்கி விரிவதும், அந்த அசைவு மூளையைச் சுற்றியுள்ள திரவத்தைத் தள்ளிக் கழிவுகளை அலசுவதும் அதில் காட்டப்பட்டது. ஜோல்பிடெம் கொடுத்த எலிகளில் அந்த ஏற்ற இறக்கம் மங்கியது, திரவ ஓட்டமும் குறைந்தது. எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்த முடியாது. ஆனால் மாத்திரைத் தூக்கமும் இயற்கைத் தூக்கமும் உள்ளுக்குள் ஒன்றே என்று யாராவது சொன்னால், அதை நம்பாமல் இருக்க இதுவும் ஒரு காரணம்.

இனி நினைவு. இந்தக் குடும்பத்து மருந்துகள் எல்லாமே புதிய நினைவுகள் பதிவதைத் தடுக்கக் கூடியவை. எண்டோஸ்கோபிக்கு முன்னால் மிடஸோலம் ஊசி போடுவதே, குழாய் விட்டது நோயாளிக்கு நினைவில் நிற்காமல் போகட்டும் என்பதற்கும் சேர்த்துத்தான். இரவில் மாத்திரை போட்டவர் இரண்டு மணிக்கு விழிக்கிறார், புரண்டு படுக்கிறார், தண்ணீர் குடிக்கிறார். காலையில் இவை எதுவும் அவருக்கு நினைவில்லை. "அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினேன்" என்கிறார். தூக்கமின்மையால் அவதிப்படுபவர்களுக்கு, விழித்துக் கிடந்த நேரம் உள்ளதை விட நீண்டதாகத் தெரிவது வழக்கம். மாத்திரையின் நிம்மதியில் ஒரு பங்கு அந்த விழிப்பை மறக்கச் செய்வதிலிருந்து வருகிறது என்று தூக்க ஆய்வாளர்கள் நெடுநாளாகச் சொல்லி வருகிறார்கள்.

இந்த மறதிக்குக் கொடிய முகமும் உண்டு. தூக்கத்திலேயே எழுந்து நடப்பது, சமைப்பது, வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவது, எதுவும் தெரியாமல் காலையில் விழிப்பது. 26 ஆண்டுகளில் இப்படிக் கடுமையான காயத்திலோ மரணத்திலோ முடிந்த 66 நிகழ்வுகளை அமெரிக்க நிர்வாகம் தொகுத்தது. அவற்றில் 20 மரணங்கள். 2019-இல் ஜோல்பிடெம், எஸ்ஜோபிக்ளோன் போன்ற மாத்திரைகளின் குறிப்பில் உச்சகட்ட எச்சரிக்கைக் கட்டம் சேர்க்கப்பட்டது. எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் ஒருமுறை இப்படி நடந்திருந்தால் அந்த மாத்திரையை மறுபடி தொடக் கூடாது.

அளந்து பார்த்தால் நன்மை எவ்வளவு? அமெரிக்க நிர்வாகத்திடம் மருந்து நிறுவனங்கள் கொடுத்த ஆய்வுத் தரவுகளை எடுத்து 2012-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு கணக்குப் பார்த்தார்கள். ஜோல்பிடெம் வகை மாத்திரை போட்டவர்கள், மருந்து எதுவும் இல்லாத வெற்று மாத்திரை போட்டவர்களைக் காட்டிலும் சராசரியாக 22 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். வெற்று மாத்திரையே ஏறத்தாழ 20 நிமிடம் மிச்சப்படுத்தியிருந்தது. இரவெல்லாம் கொட்டக் கொட்ட விழித்துக் கிடந்தவருக்கு 22 நிமிடமும் பெரிய ஆறுதல், அதை நான் குறைத்துப் பேசவில்லை. அதற்கு அவர் கொடுக்கும் விலை மறுநாள் பகலில் இருக்கிறது. அந்த விலையை யாரும் அவருக்குச் சொல்வதில்லை.

விலையைப் புரிந்துகொள்ள ஒரு எளிய கணக்குப் போதும். ரத்தத்தில் உள்ள மருந்து பாதியாகக் குறைய எடுக்கும் நேரத்தை அரை ஆயுள் என்பார்கள். ஜோல்பிடெமுக்கு அது சுமார் இரண்டரை மணி நேரம். இரவு 10 மணிக்குப் போட்டால் 12.30-க்குப் பாதி, 3 மணிக்குக் கால், 5.30-க்கு அரைக்கால், 8 மணிக்கு வீசம். பரவாயில்லை. ஆனால் பத்து மணிக்குப் படுத்து, புரண்டு புரண்டு பார்த்து, பொறுக்க முடியாமல் ஒரு மணிக்குப் போட்டால்? காலை 6 மணிக்குக் கால் பங்கு அப்படியே இருக்கும். பலர் போடுவது அந்த நேரத்தில்தான். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து பகலில் நாலைந்து மணி நேரம் தூங்கப் பார்ப்பவருக்கும் இதே கதி. ஏழெட்டு மணி நேரம் படுக்கையில் இருக்க வழியில்லை என்றால் இந்த மாத்திரையைப் போடக் கூடாது என்று அதன் குறிப்பிலேயே இருக்கிறது. சாப்பிட்டு உடனே போட்டால் வேலை செய்யத் தொடங்குவதும் தாமதமாகும். எல்லா மாத்திரையையும் "சாப்பாட்டுக்கு அப்புறம்" என்று போட்டுப் பழகிய நம் வீடுகளில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மெதுவாகக் கரையும் வகையை அரையாக உடைத்துப் போடுபவர்களும் உண்டு. உடைத்தால் அந்த மெதுவான கரைசல் கெட்டுவிடும்.

மற்றவற்றுக்குக் கணக்கு நீள்கிறது. அல்பிரஸோலத்தின் அரை ஆயுள் சுமார் 11 மணி நேரம். இரவு 10-க்குப் போட்டது காலை 9-க்கு அலுவலகத்தில் உட்காரும்போது பாதி பாக்கி. குளோனஸெபத்துக்கு 30 முதல் 40 மணி நேரம். மறுநாள் இரவு அடுத்த மாத்திரையைக் கையில் எடுக்கும்போது முந்தையதில் பாதிக்கு மேல் உடம்பிலேயே இருக்கும். தினமும் போட்டால் ஒரு வாரம் வரை அளவு ஏறிக்கொண்டே போய்த்தான் ஒரு மட்டத்தில் நிற்கும். டயஸெபம் உடைந்து உருவாகும் பொருள் வயதானவர்களின் உடலில் நாட்கணக்கில் தங்கும். கண்ணைச் சுழற்றும் மப்பு ஓரிரு வாரத்தில் பழகிவிடும். அதனால் மருந்து ஒத்துக்கொண்டது என்று நினைக்கிறோம். நினைவிலும் நிதானத்திலும் ஏற்படும் குறை அந்த வேகத்தில் பழகுவதில்லை.

இதில் நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. படர்தாமரைக்கு இட்ராகோனஸோல் காப்ஸ்யூல் இங்கே தாராளமாக எழுதப்படுகிறது. அல்பிரஸோலத்தைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை அந்தக் காப்ஸ்யூல் முடக்கிவிடும். பாயிண்ட் ஃபைவ் (அரை மி.கி.) போட்டவருக்கு அதைப் போல இரண்டு மூன்று மடங்கு போட்டது போன்ற நிலை வரலாம். தோல் டாக்டரிடம் போகும்போது தூக்க மாத்திரையைப் பற்றிச் சொல்ல யாருக்குத் தோன்றுகிறது? இரண்டையும் சேர்த்துக் கொடுக்கவே கூடாது என்பது விதி.

மறுநாள் திறனை அளக்க நெதர்லாந்தில் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். 1980-களில் தொடங்கியது. முந்தைய இரவு மாத்திரையோ வெற்று மாத்திரையோ கொடுக்கப்பட்டவர், காலையில் உண்மையான நெடுஞ்சாலையில், மற்ற வண்டிகளோடு, சுமார் 100 கிலோமீட்டர் கார் ஓட்ட வேண்டும். வேகம் மணிக்கு 95 கி.மீ. இடம் மாறாமல் தன் பாதையின் நடுவில் போக வேண்டும், அவ்வளவுதான் வேலை. பக்கத்து இருக்கையில் பயிற்சியாளர். அவர் காலடியிலும் ஒரு பிரேக். கார்மேல் பொருத்திய கேமரா, சாலையின் கோட்டுக்கும் காருக்கும் உள்ள தூரத்தை விடாமல் பதிவு செய்கிறது. எல்லோருடைய காரும் சில சென்டிமீட்டர் இப்படி அப்படி ஆடும். அந்த ஆட்டம் எவ்வளவு கூடுகிறது என்பதே அளவுகோல். ரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம் மது இருந்தால் ஆட்டம் 2.4 சென்டிமீட்டர் கூடும் என்று முன்பே அளந்து வைத்திருக்கிறார்கள். ஜோபிக்ளோன் 7.5 மி.கி. போட்டவர்களிடம், பத்துப் பதினொரு மணி நேரம் கழிந்த பிறகும், அந்த 50 மில்லிகிராம் மதுவுக்கு நிகரான ஆட்டம் திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கிறது. புதிய மருந்துகளைச் சோதிக்கும்போது, "இப்படித்தான் கெடும்" என்று காட்ட ஜோபிக்ளோனையே ஒப்பீடாகக் கொடுக்கும் வழக்கமும் வந்துவிட்டது. மறுபக்கம், அரை ஆயுள் ஒரு மணி நேரமே உள்ள ஜாலெப்லோன், நடு இரவில் கொடுத்தும் காலையில் அப்படிக் கெடுக்கவில்லை. ஆக எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு என்பதில் எல்லாம் இருக்கிறது.

இந்தியச் சட்டத்தில் வண்டி ஓட்டுபவருக்கு மது வரம்பு 100 மில்லிலிட்டருக்கு 30 மில்லிகிராம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு, மருந்தின் பிடியில் வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத நிலையில் ஓட்டுவதையும் குற்றமாகவே வைத்திருக்கிறது. ஆனால் போலீசார் வாயில் வைத்து ஊதச் சொல்லும் கருவி அல்பிரஸோலத்தைக் காட்டாது. விடியற்காலை வேன் எடுக்கும் டிரைவருக்குத் தடுப்பு என்று எதுவும் இல்லை.

2014-இல் அமெரிக்காவில் எஸ்ஜோபிக்ளோனின் தொடக்க அளவும் 2 மில்லிகிராமிலிருந்து 1-ஆகக் குறைக்கப்பட்டது. காரணமான ஆய்வில் 25 முதல் 40 வயது வரையுள்ள ஆரோக்கியமான 91 பேர் இருந்தார்கள். 3 மி.கி. போட்டவர்களின் ஓட்டும் திறனும் நினைவும் உடல் ஒருங்கிணைப்பும் 11 மணி நேரத்துக்கு மேலும் குறைந்திருந்தன. அவர்களிடம் கேட்டபோது தெளிவாக இருப்பதாகவே பலரும் சொன்னார்கள். இந்த விஷயத்தில் நான் படித்தவற்றிலேயே எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான். தள்ளாடுகிறோம் என்று தெரிந்தால் ஒருவர் வண்டிச் சாவியைத் தொடமாட்டார். தெரியாததால் எடுக்கிறார், கணக்கு எழுதுகிறார், ஊசி போடுகிறார், மெஷினில் கை வைக்கிறார்.

வயதானவர்கள் நிலை தனி. 60 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வுகளை 2005-இல் திரட்டிப் பார்த்தார்கள். தூக்கம் சராசரியாக 25 நிமிடம் கூடியது. 13 பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்குத் தெளிவான பலன், ஆறு பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்குக் கெடுதல் என்று கணக்கு வந்தது. கெடுதல் என்றால் பகலில் அசதி, குழப்பம், தலைசுற்றல், விழுவது. நம் வீட்டுப் பாட்டிகள் அதிகாலை மூன்று மணிக்குச் சிறுநீர் கழிக்க எழுவார்கள். விளக்குப் போட்டால் பிள்ளைகள் விழித்துவிடும் என்று இருட்டிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு போவார்கள். கழிவறை வாசற்படியில் கால் இடறும். இடுப்பு எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு "ஈரத்துல வழுக்கிட்டுது" என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். ஐந்து மணி நேரம் முன்பு அவர் போட்ட அரை மாத்திரையை யாரும் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்வதில்லை. பகலில் பேர் மறக்கிறது, பேச்சு குழறுகிறது என்றால் "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடுகிறோம். அது மாத்திரையாகவும் இருக்கலாம்.

குறட்டை விடுபவர்கள் விஷயத்தில் ஒரு வார்த்தை. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதால் காலையில் அசதியோடு எழும் பலர், "தூக்கம் பத்தலை" என்று மாத்திரை கேட்கிறார்கள். தொண்டைத் தசைகளை இன்னும் தளர்த்தி, மூச்சுத் திணறும்போது எழுப்பிவிடும் அனிச்சையையும் மட்டுப்படுத்தினால் நிலைமை மோசமாகத்தான் செய்யும். மதுவோடு சேர்த்தாலும், வலிக்குக் கொடுக்கும் டிரமடால் போன்ற ஓபியாய்டு மருந்துகளோடு சேர்த்தாலும் மூச்சே நின்றுபோகும் ஆபத்து உண்டு.

தூக்க மாத்திரை வேண்டாம் என்று சளிக்கான குளோர்பெனிரமினையோ அவிலையோ போட்டுக்கொள்கிறவர்களும் நிறைய. அது பாதுகாப்பானது என்ற எண்ணம் தவறு. அவை உடம்பில் மறுநாளும் தங்கும், கனவுத் தூக்கத்தைக் குறைக்கும், சில நாட்களிலேயே தூக்கம் தரும் சக்தியும் மங்கும். வயதானவர்களுக்கு மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, குழப்பம் எல்லாம் கூடுதல்.

புதிய வழி ஒன்று 2014-இல் திறந்தது. மூளையில் விழிப்பைத் தாங்கிப் பிடிக்கும் ஒரெக்ஸின் என்ற பொருள் 1998-இல் கண்டுபிடிக்கப்பட்டது. அது இல்லாதவர்களுக்குத்தான் பகலில் திடீர் திடீரென்று தூக்கம் சாய்க்கும் நார்கோலெப்ஸி வருகிறது. அதைத் தடுக்கும் சுவோரெக்ஸன்ட் 2014-இலும், லெம்போரெக்ஸன்ட் 2019-இலும், டாரிடோரெக்ஸன்ட் 2022-இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. மூளை முழுவதையும் அழுத்தாமல் விழிப்பை மட்டும் தளர்த்துவதால் தூக்கத்தின் அடுக்கு அதிகம் கலைவதில்லை. ஆனால் சுவோரெக்ஸன்டுக்கும் அதை உருவாக்கிய நிறுவனம் கேட்ட உயர்ந்த அளவுகள் மறுக்கப்பட்டன. மறுநாள் வண்டி ஓட்டுவதைக் கெடுக்கிறது என்பதே காரணம்.

நிறுத்தும்போது என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் யாரும் இந்த மாத்திரையைத் தொடங்கவே கூடாது. சில வாரம் தினமும் போட்டுத் திடீரென்று விட்டால், முன்பிருந்ததை விட மோசமான தூக்கமின்மை வந்து தாக்கும். 1978-லேயே மருத்துவ உலகம் இதைப் பெயரிட்டுப் பதிவு செய்துவிட்டது. இரண்டு இரவு கண் மூடாமல் கிடந்தவர், "பாத்தீங்களா, மாத்திரை இல்லாம எனக்குத் தூக்கமே வராது" என்ற முடிவுக்கு வருகிறார். உண்மையில் அவர் பார்த்தது மருந்து விலகும்போது மூளை காட்டும் எதிர்வினை. நாள்பட்டுப் போட்டவர் ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். இதைப் படித்துவிட்டு இன்றிரவே அட்டையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். குறைப்பது டாக்டர் மேற்பார்வையில், வாரக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாக நடக்க வேண்டிய காரியம்.

நெருங்கியவரைப் பறிகொடுத்த வாரம், ஆபரேஷனுக்கு முந்தைய இரவுகள், தாங்க முடியாத பதற்றம் போன்ற நேரங்களில் சில நாட்களுக்கு மாத்திரை கைகொடுக்கும். அதை மறுக்க வேண்டியதில்லை. நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் தர வேண்டியது பேச்சு வழியிலான நடத்தைச் சிகிச்சை என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல் வழிகாட்டியது. தூக்கம் வந்தால் மட்டும் படுக்கைக்குப் போவது, வராவிட்டால் எழுந்து வெளியே வருவது, தினமும் ஒரே நேரத்தில் எழுவது, படுக்கையில் கிடக்கும் மொத்த நேரத்தைச் சில வாரம் சுருக்கிப் பிறகு நீட்டுவது ஆகியவை அதன் உள்ளடக்கம். முதல் இரண்டு வாரம் கஷ்டமாகவே இருக்கும். வயதானவர்கள் 78 பேரை வைத்து நடந்து 1999-இல் வெளியான ஆய்வில், தொடக்கத்தில் மாத்திரையும் இந்தச் சிகிச்சையும் ஏறத்தாழ ஒரே பலன் தந்தன. பின்னாட்களில் பலன் நிலைத்தது இந்தச் சிகிச்சை பெற்றவர்களிடம்தான்.

இந்தியாவில் 2014 மார்ச் முதல் அல்பிரஸோலம், டயஸெபம், ஜோல்பிடெம் எல்லாம் எச்-1 அட்டவணையில் இருக்கின்றன. சீட்டு இல்லாமல் தரக் கூடாது. டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் அளவு மூன்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். "அண்ணே, போன மாசம் வாங்கினோமே, அதே மாத்திரை ஒரு அட்டை குடுங்க" என்று பழைய சீட்டைக் காட்டி வாங்கும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. கடைக்காரரைக் குற்றவாளியாக்குவதை விட அவரைத் துணைக்கு அழைப்பது பலன் தரும் என்பது என் எண்ணம். அதற்கு ஆதாரமும் உண்டு. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 30 மருந்துக் கடைகள் வழியாக, பென்ஸோடயஸிபைனை நீண்ட காலமாகப் போட்டுவந்த 65 வயதுக்கு மேற்பட்ட 303 பேரிடம் ஓர் ஆய்வு நடந்து 2014-இல் வெளியானது. ஒரு பிரிவினருக்குச் சிறு கையேடு தரப்பட்டது. அந்த மாத்திரை அவர்கள் வயதில் என்ன செய்யும் என்ற விளக்கம், சுயமாக விடை சொல்லிப் பார்க்கும் சில கேள்விகள், முழு மாத்திரை, அரை, கால் என்று படம் போட்டு வாரவாரியாகக் குறைக்கும் அட்டவணை ஆகியவை அதில் இருந்தன. மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ பேசிவிட்டுத் தொடங்கும்படி அறிவுரையும் இருந்தது. ஆறு மாதத்தில் கையேடு பெற்றவர்களில் 27 சதவீதம் பேர் மாத்திரையை முற்றிலும் விட்டிருந்தார்கள். பெறாதவர்களில் 5 சதவீதம். அப்படி ஒரு கையேட்டைத் தமிழில், பெரிய எழுத்தில் அச்சிட்டு, எச்-1 பதிவேடு இருக்கும் மேஜையிலேயே வைக்க அரசு மருத்துவமனை மருந்தகங்களிலிருந்து தொடங்கலாம்.